பப் மேடையிலிருந்து இசைத்தட்டு வரை: பிரிட்டிஷ் கிட்டார் குழுவின் முதல் ஆல்பம்

தமிழில் ஆல்பம் என்றதும் ஒரு படத்தின் பாடல்கள்தான் நினைவுக்கு வரும். இயக்குநர் சூழலைச் சொல்வார், இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார், பாடலாசிரியர் வரிகள் எழுதுவார், பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் தனித்தனியாக வந்து தங்கள் பகுதியைப் பதிந்துவிட்டுப் போவார்கள். பிரிட்டனின் கிட்டார் குழு ஒன்றின் முதல் ஆல்பம் கிட்டத்தட்ட எதிர்த்திசையில் உருவாகிறது. ஒரே பள்ளியிலோ ஒரே தெருவிலோ வளர்ந்த நான்கு பேர், தாங்களே எழுதிய பாட்டுகளைத் தாங்களே வாசிக்கிறார்கள். ஊர் பப்களில் இரண்டு மூன்று வருடம் வாசித்து, அங்கே எடுபட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, 10 முதல் 14 பாட்டுகள், 35 முதல் 45 நிமிடங்கள் என ஒரு தொகுப்பாக வெளியிடுகிறார்கள்.

ஆக, ஸ்டூடியோவுக்குள் நுழையும்போதே பாட்டுகள் தயார். அங்கே புதிதாக எதுவும் பிறக்க வேண்டியதில்லை. மேடையில் இருந்த வேகமும் முரட்டுத்தனமும் பதிவில் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிது. பெரும்பாலான முதல் ஆல்பங்கள் சறுக்குவது இங்கேதான்.

விளக்கத்துக்கு ஒரே ஆல்பத்தை முதுகெலும்பாக வைத்துக்கொள்வோம்: ஷெஃபீல்டைச் சேர்ந்த ஆர்க்டிக் மங்கீஸ் 2006 ஜனவரி 23 அன்று வெளியிட்ட 'வாட்எவர் பீப்பிள் ஸே ஐ ஆம், தட்ஸ் வாட் ஐம் நாட்'. வெளியானபோது அவர்களுக்கு இருபதை ஒட்டிய வயதுதான். இந்த வகை ஆல்பத்தின் எல்லாக் கட்டங்களையும் அதில் தெளிவாகப் பார்க்கலாம். தேவைப்படும் இடங்களில் மற்ற குழுக்களும் வரும்.

யார் என்ன வாசிக்கிறார்கள்

வழக்கமான அமைப்பு நான்கு பேர்: டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார். கிட்டார் வாசிப்பவர்களில் ஒருவரே பாடுவார். ஆர்க்டிக் மங்கீஸில் அலெக்ஸ் டர்னர் பாட்டும் கிட்டாரும், ஜேமி குக் இன்னொரு கிட்டார், ஆண்டி நிக்கல்சன் பேஸ், மேட் ஹெல்டர்ஸ் டிரம்ஸ்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகத் தோன்றுவது இயல்பு. முதலில் டிரம்ஸில் இரண்டே ஒலிகளைப் பிடியுங்கள்: அடியில் 'தும்' என்று விழும் கிக், இரண்டாம் நான்காம் எண்ணிக்கையில் 'டப்' என்று வெடிக்கும் ஸ்னேர். அடுத்து கிக்கோடு ஒட்டிக்கொண்டே நகரும் பேஸ். அதன் பிறகு ஹெட்போனில் இடது காதுக்கு ஒரு கிட்டார், வலது காதுக்கு ஒரு கிட்டார் எனப் பிரித்துக் கேளுங்கள். நிறைய கிட்டார் ஆல்பங்களில் இரண்டையும் இப்படி எதிரெதிர்ப் பக்கங்களில்தான் வைத்திருப்பார்கள். ஒன்று கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) வெட்டி வெட்டி அடிக்கும்போது மற்றது மேல் ஸ்தாயியில் சின்னச் சின்னச் சொற்றொடர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு கிட்டாரும் ஒரே கார்டை, கழுத்தின் ஒரே இடத்தில் வாசித்தால் ஒலி குழம்பும், பாடகரின் குரல் அமுங்கும். இளம் குழுக்களின் டெமோக்களில், அதாவது முன்னோட்டப் பதிவுகளில், மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை இது. கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கோடுகளான பிரெட்டுகளில், ஒருவர் கீழே உள்ளவற்றில் வாசித்தால் மற்றவர் ஏழாம் பிரெட்டுக்கு மேலே போய்விடுவது எளிய தீர்வு. அல்லது ஒருவர் வாசிக்கும் இடத்தில் மற்றவர் சும்மா இருக்கலாம். சும்மா இருக்கக் கற்றுக்கொண்ட குழு பாதி தேறிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆல்பத்துக்கு முந்தைய படிகள்

முதலில் டெமோ. மூன்று நான்கு பாட்டுகளை உள்ளூர் ஸ்டூடியோவில் ஒன்றிரண்டு நாளில் குறைந்த செலவில் பதிவது. ஆர்க்டிக் மங்கீஸ் 2002இல் ஷெஃபீல்டின் புறநகரான ஹை கிரீனில் உருவானது. முதல் நிகழ்ச்சி 2003 ஜூன் 13 அன்று நகரில் உள்ள தி கிரேப்ஸ் என்ற பப்பின் மாடியில். டெமோக்களை ஷெஃபீல்டின் டூஃப்ளை ஸ்டூடியோவில் ஆலன் ஸ்மித்துடன் பதிந்தார்கள். சிடிகளில் பதிந்து நிகழ்ச்சிகளுக்கு வந்தவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அவற்றை இணையத்தில் ஏற்றிப் பகிர்ந்தார்கள். டர்னர் வேலை பார்த்த போர்டுவாக் என்ற அரங்கின் பெயரை ஒட்டி 'பினீத் தி போர்டுவாக்' என்ற தலைப்பில் அந்தத் தொகுப்பு சுற்றியது. தலைப்பு வைத்தது குழு அல்ல, ரசிகர்கள்.

அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸ்தான் இந்தக் குழுவை உருவாக்கியது என்று இன்றும் எழுதுகிறார்கள். அங்கிருந்த பக்கத்தைத் தொடங்கியது தாங்கள் அல்ல, ரசிகர்கள்தான் என்று குழுவினர் அப்போதே சொல்லிவிட்டார்கள். உண்மையில் வேலை செய்தது இலவச சிடிதான். அதனால் விளைந்த பயனும் நேரடியானது: ஆல்பம் வருவதற்கு முன்பே, நிகழ்ச்சிக்கு வந்த கூட்டம் எல்லா வரிகளையும் சேர்ந்து பாடியது. ஆல்பத்தின் 13 பாட்டுகளில் பாதிக்கும் மேல் அந்த டெமோக்களில் ஏற்கெனவே இருந்தவை.

டெமோவுக்கு அடுத்தது இ.பி. அல்லது சிங்கிள். சிங்கிள் என்பது வானொலிக்காகவும் கடைக்காகவும் தனியாக வெளியிடும் ஒரு பாட்டு. இ.பி. மூன்று முதல் ஐந்து பாட்டுகள் கொண்ட சிறு தொகுப்பு. 2005 மே மாதம் ஆர்க்டிக் மங்கீஸ் பேங் பேங் என்று தங்களுக்கே ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) பெயர் வைத்து, 500 சிடிகளும் 1,000 ஏழு அங்குல இசைத்தட்டுகளும் மட்டும் வெளியிட்டார்கள். இவ்வளவு குறைவாக அடிப்பதற்குக் காரணம் உண்டு. முழுவதும் விற்றுத் தீரும், போட்ட காசு திரும்பும், கிடைக்காதவர்கள் தேடுவார்கள். 5,000 அடித்து 4,000 வீட்டு மூலையில் கிடந்தால் அந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த லேபிளும் பின்வாங்கிவிடும்.

லேபிளும் கணக்கும்

2005 கோடையில் குழு டொமினோவுடன் கையெழுத்திட்டது. லாரன்ஸ் பெல் 1993இல் தொடங்கிய, பெரிய நிறுவனங்களைச் சாராத சுதந்திர லேபிள் அது. பெரிய நிறுவனங்கள் பல துரத்திக்கொண்டிருந்தபோது சின்ன லேபிளைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் வெறும் கொள்கைப் பிடிப்பு மட்டும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே லேபிள் கிளாஸ்கோவின் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்டின் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, அது ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசும் வாங்கியிருந்தது. சின்ன லேபிளாலும் பெரிய அளவில் விற்க முடியும் என்பதற்கு அத்தாட்சி கண் முன்னே இருந்தது.

ஒப்பந்தங்கள் பொதுவாக இரண்டு வகை. சுதந்திர லேபிள்களில் செலவு போக மீதியைப் பாதிப் பாதி பிரிப்பது வழக்கம். பெரிய நிறுவனங்களில் வருமானத்தில் ஒரு சதவீதம் ராயல்டி. வித்தியாசம் புரிய, கற்பனையான எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். முன்பணம் 20,000 பவுண்டு, ஸ்டூடியோ செலவு 20,000, விளம்பரம் 20,000, லேபிளுக்கு வந்து சேர்ந்த வருமானம் 1,20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாதிப் பாதி முறையில் வருமானத்திலிருந்து ஸ்டூடியோ, விளம்பரச் செலவான 40,000ஐக் கழித்தால் லாபம் 80,000. குழுவின் பங்கு 40,000. ஏற்கெனவே வாங்கிய முன்பணம் 20,000 போக, கைக்கு வருவது 20,000. மேனேஜருக்கு 20 சதவீதமாக 4,000 போனால் மீதி 16,000. நான்கு பேருக்குத் தலா 4,000 பவுண்டு.

18 சதவீத ராயல்டி முறையில் குழுவின் கணக்கில் ஏறுவது 21,600. முன்பணமும் ஸ்டூடியோ செலவும் இந்தப் பணத்திலிருந்துதான் ஈடுகட்டப்படும், அதாவது 40,000. குழு இன்னும் 18,400 பவுண்டு பாக்கியில் நிற்கும். அதே விற்பனைதான், லேபிளுக்கு லாபம்தான், ஆனால் குழுவுக்கு ஒரு பென்னிகூட வராது. கடன் என்று சொன்னாலும் அதைக் கையிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆல்பத்தின் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள். அங்கேதான் பிடி.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆல்பத்துக்குக் கட்டுப்படுகிறோம், அந்தத் தெரிவு யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும். மான்செஸ்டரின் ஸ்டோன் ரோஸஸ் 1989இல் அருமையான முதல் ஆல்பம் ஒன்றைக் கொடுத்தது. பிறகு சில்வர்டோன் லேபிளுடன் வழக்கு. 1991இல் அந்த ஒப்பந்தம் நியாயமற்றது என்று நீதிமன்றம் குழுவை விடுவித்தது. ஆனால் அடுத்த ஆல்பம் வர 1994 டிசம்பர் ஆனது. வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்தரை வருடம் என்பது கிட்டார் இசையில் ஒரு தலைமுறை.

சேர்ந்து வாசிப்பதா, தனித்தனியா

இனி ஸ்டூடியோ. முடிவு செய்ய வேண்டிய பெரிய கேள்வி ஒன்றுதான். நால்வரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததைப் பதிவதா, அல்லது முதலில் டிரம்ஸ், பிறகு பேஸ், பிறகு கிட்டார், கடைசியில் குரல் என்று அடுக்கடுக்காகப் பதிவதா?

1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸுக்கு இந்தத் தெரிவே இருக்கவில்லை. லண்டன் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவுக் கருவி இரண்டு டிராக், அதாவது இரண்டு ஒலித் தடங்கள், மட்டுமே கொண்டது. பதிவை வழிநடத்தும் புரொட்யூசரான ஜார்ஜ் மார்ட்டின் அவர்களை மேடையில் போலவே வாசிக்க வைத்தார். காலையில் தொடங்கி இரவு பதினொரு மணிக்குள் 10 பாட்டுகள் முடிந்தன. முன்பே வந்திருந்த இரண்டு சிங்கிள்களின் நான்கு பாட்டுகளைச் சேர்த்து 14 பாட்டுகளோடு ஆல்பம் மார்ச் 22 அன்று வெளியானது. ஜான் லென்னனுக்கு அன்று கடும் சளி. தொண்டையைக் கிழிக்கும் பாட்டு ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு அவரால் எதையும் பாட முடியாது. அந்தக் கரகரப்பு அப்படியே தட்டில் இருக்கிறது.

டிராக்குகள் பெருகப் பெருக, அடுக்கிப் பதியும் முறை வழக்கமானது. அதில் நன்மைகள் உண்டு. பேஸில் ஒரு சுரம் தவறினால் அதை மட்டும் திருத்தலாம். குரலை பத்து முறை பாடி, வரிவரியாக நல்லதைப் பொறுக்கி ஒட்டலாம். விலையும் உண்டு. மேடையில் கோரஸ், அதாவது பல்லவி, வரும்போது நால்வரும் தங்களை அறியாமலே இம்மியளவு வேகம் கூட்டுவார்கள், டிரம்மர் பாடகரின் தோளைப் பார்த்து முடிவைப் பிடிப்பார். தனித்தனியாக ஹெட்போன் மாட்டி, காதில் டிக் டிக் என்று அடிக்கும் கிளிக்குக்கு வாசிக்கும்போது அதெல்லாம் போய்விடும். பிழை இருக்காது, உயிரும் இருக்காது.

ஒயாசிஸ் இதை நன்றாகவே அனுபவித்தது. 1994இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் முதலில் வேல்ஸில் மோனோ வேலி ஸ்டூடியோவில் பதியப்பட்டது. மேடையில் கட்டிடத்தையே ஆட்டிய குழு பதிவில் ஒல்லியாகக் கேட்டது. கார்ன்வாலில் உள்ள சாமில்ஸ் ஸ்டூடியோவுக்குப் போய், இடையில் தடுப்புகள் இல்லாமல் எல்லோரும் ஒரே அறையில் நின்று திரும்பப் பதிந்தார்கள். பிறகு குழுவின் கிட்டார் கலைஞர் நோயல் கல்லகர் அதன் மேல் கிட்டார்களாக அடுக்கிக்கொண்டே போனார். அப்போதும் சரிவரவில்லை. பதிந்த தடங்களைக் கலந்து சீராக்கும் மிக்சிங்குக்கு வந்த ஓவன் மாரிஸ் அடுக்கியவற்றில் நிறையவற்றைக் கழித்து எறிந்து, மிச்சத்தின் ஒலியளவை உச்சத்துக்குத் தள்ளியபோதுதான் ஆல்பம் நிமிர்ந்து நின்றது. ஸ்மித்ஸ் குழுவும் இப்படித்தான்: 1983இல் புரொட்யூசர் டிராய் டேட்டுடன் பதிந்த முழு ஆல்பத்தைக் கைவிட்டு, ஜான் போர்ட்டருடன் புதிதாகப் பதிந்ததே 1984 பிப்ரவரியில் வந்தது.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். 1979இல் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தை ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் புரொட்யூஸ் செய்த மார்ட்டின் ஹேனட் மேடை ஒலியைக் காப்பாற்ற முயலவே இல்லை. டிரம்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதிரொலிக்கும் காலிக் கட்டிடத்துக்குள் குழுவை நிறுத்தியது போல ஆக்கிவிட்டார். பேஸ் வாசித்த பீட்டர் ஹூக்குக்கும் கிட்டார் வாசித்த பெர்னார்ட் சம்னருக்கும் அது அப்போது பிடிக்கவில்லை. கேட்டவர்களுக்குப் பிடித்தது. எல்லோரும் ஹேனட் ஆகிவிட முடியாது. அனுபவமில்லாத குழு நம்பி இறங்கக்கூடிய வழி சேர்ந்து வாசிப்பதுதான்.

ஆர்க்டிக் மங்கீஸும் அந்தப் பக்கம்தான் போனது. 2005 செப்டம்பரில் லிங்கன்ஷயரின் சவுத் தோர்ஸ்பி கிராமத்தில் உள்ள சாப்பல் ஸ்டூடியோவில், ஜிம் ஆபிஸ் புரொட்யூசராகப் பதிந்தார்கள். தங்கிப் பதியும் ஸ்டூடியோ அது. படுக்கை, சமையலறை எல்லாம் அங்கேயே. இளம் குழுக்களை இப்படிப்பட்ட இடங்களுக்கு அனுப்புவது ஆடம்பரத்துக்காக அல்ல. நகர ஸ்டூடியோவில் மாலை ஆறு மணிக்கு நண்பர்கள் வந்து நிற்பார்கள், அன்றைய வேலை அத்தோடு முடிந்தது. வயல்களுக்கு நடுவே போவதற்கு இடமில்லை.

அறைக்குள் என்ன நடக்கிறது

டிரம்ஸை மைக் பிடிக்கவே அரை நாள் போகும். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு மேலும் கீழும் இரண்டு, மற்ற மேளங்களான டாம்களுக்கு ஆளுக்கொன்று, காலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளமான ஹை-ஹேட்டுக்கு ஒன்று, தலைக்கு மேல் இரண்டு, அறையின் தூரத்தில் ஒன்றிரண்டு என ஒன்பது முதல் பதினொன்று மைக்குகள். ஸ்னேரின் மேல் மைக்கும் கீழ் மைக்கும் எதிரெதிர்த் திசையில் பார்ப்பதால், ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும். இரண்டையும் சேர்த்தால் ஸ்னேர் மெலிந்துபோகும். ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பினால் சட்டென்று உடல் வந்துவிடும். தொடக்கநிலைப் பதிவுகளில் 'டிரம்ஸ் ஏன் தகரம் மாதிரி கேட்கிறது' என்ற கேள்விக்குப் பல நேரம் இந்த ஒரு பொத்தான்தான் பதில்.

கிட்டாருக்கு நேராக ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் முன்னால் மைக். ஷூர் எஸ்எம்57 என்ற சாதாரண மைக்கே போதும். வலைத் துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், கோனின் மையத்தைப் பார்த்தால் ஒலி கூர்மையாக இருக்கும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மென்மையாகும். மேடையில் பயன்படுத்தும் டிஸ்டார்ஷனை (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) அப்படியே வைத்துப் பதியக்கூடாது. கூட்ட இரைச்சலில் அது சக்தியாகக் கேட்கும், மைக்கிலோ வெறும் ரீங்காரமாகி விரல் அடி மறைந்துவிடும். அந்தக் கரகரப்பைக் கூட்டும் கெயினைக் கால்வாசியாவது குறைத்து, ஆம்பின் வால்யூமைக் கூட்ட வேண்டும். பேஸை ஆம்பிலிருந்து ஒன்று, டி.ஐ. பெட்டி வழியாக நேரடியாக ஒன்று என இரண்டு தடங்களில் பதிவது வழக்கம். அப்போதுதான் மிக்சிங்கில் உருமலையும் தெளிவையும் தேவைக்கேற்பக் கலக்கலாம்.

ஒரே அறையில் வாசித்தால் டிரம்ஸ் கிட்டார் மைக்கில் விழும், கிட்டார் டிரம்ஸ் மைக்கில் விழும். இதற்குப் பெயர் ப்ளீட். முழுக்க ஒழிக்க நினைத்தால் மறுபடியும் தனித்தனி அறைதான். நடைமுறையில், ஆம்ப்களைத் தடுப்புகளுக்குப் பின்னாலோ பக்கத்து அறையிலோ வைத்துவிட்டு, ஆட்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி டிரம்ஸைச் சுற்றி நிற்பார்கள். பாடகர் அப்போது பாடுவது வழிகாட்டிக் குரல் மட்டுமே. சிம்பல் சத்தம் அந்த மைக்கில் கொட்டுவதால் அதைப் பெரும்பாலும் வைத்துக்கொள்ள முடியாது. உண்மையான குரல் பிறகு தனியாக.

ஒரு பாட்டை மூன்று முதல் ஐந்து முறை வாசிப்பது நல்ல அளவு. எட்டாவது டேக்குக்குப் பிறகு பெரும்பாலும் சரிவுதான். கைகள் சரியாக இருக்கும், காது அலுத்திருக்கும். அப்போது அந்தப் பாட்டை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுவது புரொட்யூசரின் வேலை. கிட்டார் கம்பிகளைப் பதிவுக்கு முதல் நாளே மாற்றி இழுத்துவிட வேண்டும். அன்றைக்கே மாற்றினால் சுருதி நிற்காது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் செய்வது கட்டாயம், ஏனென்றால் இரண்டாம் டேக்கின் முதல் பாதியையும் நான்காம் டேக்கின் மறுபாதியையும் ஒட்டும்போது சுருதி பிசகியிருந்தால் ஒட்டு பல்லை இளிக்கும். கிளிக் வேண்டாம் என்று முடிவெடுத்தால், டிரம்மருக்குத் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை மட்டும் கேட்கவைத்து நிறுத்திவிடலாம். மேடைப் பதற்றத்தில் பழகிய குழு ஸ்டூடியோவில் ஒன்று மந்தமாகத் தொடங்கும், இல்லையேல் ஓடும். அந்த நான்கு எண்ணிக்கை அதைத் தடுக்கும்.

தெற்கு லண்டனில் ஸ்ட்ரெத்தமில் இருந்து இயங்கும் புரொட்யூசர் டேன் கேரி இந்தக் கொள்கையைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோனவர். அவரது ஸ்பீடி வண்டர்கிரவுண்ட் லேபிளின் சிங்கிள்களை ஒரே நாளில் பதிந்துவிட வேண்டும் என்பது விதி. 2022இல் முதலிடம் பிடித்த வெட் லெக் குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பகுதி அவர் கைவண்ணமே.

மிக்சிங், மாஸ்டரிங், வரிசை

மிக்சிங் என்பது பதிந்த இருபது முப்பது தடங்களின் அளவையும் இடத்தையும் சரிப்படுத்தி இரண்டு சேனலுக்குள் கொண்டுவருவது. மாஸ்டரிங் என்பது பாட்டுக்குப் பாட்டு ஒலியளவும் நிறமும் ஏறி இறங்காமல் முழு ஆல்பத்தையும் ஒரு சீராக்குவது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து எல்லாவற்றையும் உச்ச ஒலியில் நிறுத்தும் பழக்கம் பரவியது. வானொலியில் எடுப்பாக இருக்கும். முழு ஆல்பமாகக் கேட்டால் இருபது நிமிடத்தில் காது சோர்ந்துவிடும்.

வரிசைக்கு வருவோம். நீண்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 22 நிமிடங்கள்தான் நல்ல ஒலியோடு அடங்கும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், ஒலியளவு குறையும். உட்பக்க வட்டத்துக்கு வரவர உயர் ஒலிகள் சிதையும், அதனால் பக்கத்தின் கடைசியில் அமைதியான பாட்டை வைப்பது பழைய தந்திரம். சிடியும் ஸ்ட்ரீமிங்கும் வந்த பிறகும் 40 நிமிட அளவு மாறவில்லை. ஆர்க்டிக் மங்கீஸின் ஆல்பமும் 41 நிமிடங்கள்தான்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். வேகமான பாட்டில் தொடங்கி, சிங்கிளாக வந்து எல்லோருக்கும் தெரிந்த பாட்டை இரண்டாவதாக வைத்து, நடுவில் 'ரயட் வான்' என்ற மெதுவான பாட்டில் மூச்சு வாங்க விட்டு, ஐந்தரை நிமிட 'எ செர்ட்டன் ரொமான்ஸ்' என்ற மிக நீளமான பாட்டில் முடிகிறது. உள்ளடக்கமும் ஒரே ஊரின் ஒரு வார இறுதிதான்: கிளப் வாசலில் தடுக்கும் காவலாள், வீடு திரும்பும் டாக்ஸி, போலீஸ் வண்டி, பொய்யாக அமெரிக்கத் தொனியில் பேசும் உள்ளூர்க் குழுக்கள், நீப்செண்ட் பகுதியின் தெருவோரம். டர்னர் ஷெஃபீல்டு வழக்கிலேயே பாடினார். முதல் ஆல்பங்களின் பாடுபொருள் இப்படிக் குறுகி இருப்பது குறையே அல்ல. இருபது வயதில் அவர்களுக்கு உள்ளும் புறமும் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதற்கு வெளியே போனால் போலியாகும்.

தலைப்பு 1958இல் வெளியான ஆலன் சிலிட்டோவின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தது. நாட்டிங்காம் தொழிற்சாலை இளைஞன் ஒருவனின் கதை அது, அதிலும் வார இறுதிதான் மையம். அட்டையில் குழுவினர் படம் இல்லை. நண்பர் ஒருவர் விடியற்காலையில் சிகரெட் பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் படம். புகைப்பதை ஊக்குவிக்கிறது என்று ஸ்காட்லாந்தின் சுகாதாரத் துறையிலிருந்து கண்டனம் வந்தது.

வெளியீட்டு வாரம்

பிரிட்டனில் ஒரு ஆல்பத்தின் எதிர்காலம் முதல் ஏழு நாட்களில் பெருமளவு முடிவாகிவிடும். அதிகாரப்பூர்வ விற்பனைப் பட்டியல் வாரம் ஒருமுறை வருகிறது. 2015 ஜூலை வரை ஆல்பங்கள் திங்களன்று வெளியாகி, பட்டியல் ஞாயிறன்று வரும். அதன் பிறகு இரண்டும் வெள்ளிக்கிழமைக்கு மாறின. முதல் வாரத்தில் மேலே வந்தால் கடைகள் முன்வரிசையில் வைக்கும், வானொலி திரும்பத் திரும்ப ஒலிபரப்பும், கோடை விழாக்கள் பெரிய மேடை தரும். அதனால்தான் சிங்கிள்களை இடைவெளி விட்டு முன்னே அனுப்புகிறார்கள். ஆர்க்டிக் மங்கீஸின் முதல் டொமினோ சிங்கிள் 2005 அக்டோபரில் முதலிடம். இரண்டாவது சிங்கிள் ஆல்பம் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் வந்தது, அதுவும் முதலிடம்.

ஆல்பம் ஜனவரி 30 அன்று வர வேண்டியது. ஒரு வாரம் முன்கூட்டியே வந்தது. முதல் நாளிலேயே 1,18,501 பிரதிகள், முதல் வாரத்தில் 3,63,735. 2001இல் தொலைக்காட்சிப் போட்டியில் உருவான ஹியர்ஸே குழு 3,06,631 பிரதிகளோடு வைத்திருந்த, முதல் ஆல்பத்துக்கான முதல் வார விற்பனைச் சாதனையை அது முறியடித்தது. அதே ஆண்டு மெர்க்குரி பரிசும் கிடைத்தது. இன்றைய அளவுகோல் வேறு. 2024 பிப்ரவரியில் தி லாஸ்ட் டின்னர் பார்ட்டியின் முதல் ஆல்பம் முதலிடம் பிடித்தபோது முதல் வாரக் கணக்கு சுமார் 33,000. பத்தில் ஒரு பங்கு என்று ஏளனம் செய்யத் தேவையில்லை. இப்போது பெரும்பாலோர் ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்கிறார்கள், அங்கே ஆயிரமோ அதற்கு மேலோ ஸ்ட்ரீம்கள் சேர்ந்தால்தான் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. அதனால் புதுக் குழுக்கள் வண்ண இசைத்தட்டு, கையெழுத்திட்ட பிரதி, இசைத்தட்டுக் கடையிலேயே சிறு நிகழ்ச்சி என்று முதல் வாரத்துக்குள் தட்டுகளை விற்கப் பாடுபடுகிறார்கள்.

இரண்டாவதாக என்ன

முதல் ஆல்பத்துக்கு வாழ்நாள் முழுவதும் அவகாசம் இருந்தது. இரண்டாவதற்கு ஒரு வருடம்தான், அதுவும் பஸ்ஸிலும் ஹோட்டலிலும். பப்பில் வாசித்துத் தேறிய பாட்டுகள் தீர்ந்துவிட்டன. புதியவை கூட்டத்தின் முன் சோதிக்கப்படாமலே ஸ்டூடியோவுக்குப் போகும். ஓய்வில்லாத பயணத்தில் ஆட்களும் உதிர்வார்கள். ஆர்க்டிக் மங்கீஸில் ஆண்டி நிக்கல்சன் 2006 கோடையிலேயே விலகினார், நிக் ஓ'மேலி பேஸுக்கு வந்தார். அந்தக் குழு வேகம் குறையும் முன்பே மறுபடி ஸ்டூடியோவுக்குள் போய், 2007 ஏப்ரலில் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டு, அந்தக் கோடையில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் தலைமை நிகழ்ச்சி வாசித்தது. பலருக்கு அப்படி வாய்ப்பதில்லை.

கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் ஆர்க்டிக் மங்கீஸின் டெமோ ஒன்றையும் ஆல்பத்தில் உள்ள அதே பாட்டையும் அடுத்தடுத்து கேளுங்கள். டெமோக்கள் இணையத்தில் எளிதில் கிடைக்கும். பாட்டின் கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். டிரம்ஸின் எடை, இரண்டு கிட்டார்களுக்கு இடையே உள்ள இடைவெளி, குரல் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்ற மூன்றையும் ஒப்பிட்டால், புரொட்யூசருக்கும் அந்தக் கிராமத்து ஸ்டூடியோவுக்கும் எதற்காகப் பணம் கொடுத்தார்கள் என்பது காதுக்கே தெரிந்துவிடும்.